லேப் சர்வரில் பேக்கேஜ் மிரர்: ஆர்சிங்க் போதுமா, வேறு கருவி வேண்டுமா?

காட்பாடி பக்கம் ஒரு கல்லூரி. மூன்று லேப், மொத்தம் 180 கணினி, எல்லாவற்றிலும் டெபியன் 12 என்ற லினக்ஸ். கல்லூரி முழுவதற்கும் ஒரே 100 எம்பிபிஎஸ் லைன். 4 டிபி டிஸ்க் இரண்டு போட்ட பழைய சர்வர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் டெபியன் ரெப்போவின் (மென்பொருள் பேக்கேஜ்கள் இருக்கும் களஞ்சியம்) நகலை, அதாவது மிரரை, வைத்துக்கொள்ள ஆர்சிங்க், சிங்திங், ஆர்க்ளோன் என்ற ஃபைல் நகல் கருவிகள் மூன்றில் எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்க ஒரு கேள்விதான், உள்ளே இரண்டு இருக்கின்றன. ரெப்போ முழுவதும் உங்களுக்கு வேண்டுமா, அல்லது உங்கள் கணினிகள் கேட்பது மட்டும் போதுமா என்பது ஒன்று. நகல் எடுக்கும்போது எந்த ஃபைல் முன்னால் வரவேண்டும், எது பின்னால் வரவேண்டும் என்பது இன்னொன்று. பேக்கேஜ் ரெப்போவுக்குக் கருவி தேர்ந்தெடுப்பதில் வேகத்தைவிட இந்த வரிசைதான் முக்கியம். அதை அறியாத கருவி எவ்வளவு வேகமாக ஓடினாலும் லேப்பில் கோளாறைத்தான் கொண்டுவரும்.

வரிசை ஏன் முக்கியம் என்றால், ரெப்போவில் இரண்டு வகை ஃபைல்கள் இருக்கின்றன. பூல் என்ற ஃபோல்டரில் பேக்கேஜ்கள் கிடக்கும். ஒவ்வொன்றின் பெயரிலும் வெர்ஷன் எண் உண்டு, ஒருமுறை வந்த ஃபைல் அதன்பின் மாறாது. டிஸ்ட்ஸ் என்ற ஃபோல்டரில் அட்டவணைகள் இருக்கும். எந்த பேக்கேஜ் எங்கே இருக்கிறது, அதன் அளவு என்ன, ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) என்ன என்று பேக்கேஜஸ் ஃபைல் சொல்லும். அந்த பேக்கேஜஸ் ஃபைலின் ஹேஷை இன்ரிலீஸ் ஃபைல் சொல்லும், அதில் டெபியனின் கையொப்பம் இருக்கும். அட்டவணை ஃபைல்களின் பெயர் மாறாது, உள்ளடக்கம்தான் மாறும். ரேஷன் கடை போர்டில் பாமாயில் இருப்பு என்று எழுதியாகிவிட்டது, லாரி இன்னும் காட்பாடி மேம்பாலத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்பவர் கதி என்னவோ அதுதான் உங்கள் லேப் கணினியின் கதியும்.

இதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஆங்கில அகரவரிசைப்படி டிஸ்ட்ஸ் முன்னால் வரும், பூல் பின்னால் வரும். ஆப்ஷன் எதுவும் யோசிக்காமல் ஆர்சிங்கை ஒரே ஓட்டமாக விட்டால் அதே வரிசையில்தான் இறக்கும். காலை 10 மணிக்கு ஓட்டம் தொடங்கி, 10:02-க்குப் புதிய அட்டவணை வந்துவிட்டது, பூல் முடிய 11 ஆகும் என்று கொள்வோம். நடுவில் 10:20-க்கு ஒரு மாணவர் ஆப்ட் (டெபியனில் பேக்கேஜ் நிறுவும் கட்டளை) மூலம் அப்டேட் கொடுக்கிறார். புதிய அட்டவணை கிடைக்கிறது. இன்ஸ்டால் கொடுத்தால் 404 வருகிறது, ஏனென்றால் அட்டவணை சொல்லும் ஃபைல் இன்னும் சர்வருக்கு வரவில்லை. இன்ரிலீஸ் வந்து பேக்கேஜஸ் வராத அந்தச் சில நொடியில் யாராவது அப்டேட் கொடுத்தால் 'ஹேஷ் சம் மிஸ்மேட்ச்' என்று வரும். அந்தச் செய்தியைப் பார்த்து டிஸ்க் கெட்டுவிட்டது என்றோ கேபிள் சரியில்லை என்றோ தேடிக்கொண்டிருப்பார்கள். கோளாறு அங்கெல்லாம் இல்லை, ஃபைல் வந்த வரிசையில் இருக்கிறது.

சரியான முறை இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் அட்டவணைகளை விலக்கிவிட்டு பூல் முழுவதையும் கொண்டுவர வேண்டும், எதையும் அழிக்கக் கூடாது. இரண்டாம் கட்டத்தில் அட்டவணைகளைக் கொண்டுவந்து, எல்லாம் முடிந்த பிறகுதான் பழைய ஃபைல்களை அழிக்க வேண்டும். பை-ஹேஷ் என்ற துணை ஃபோல்டர் இருப்பதும் இதற்காகத்தான். அதில் அட்டவணைகள் அவற்றின் ஹேஷையே பெயராகக் கொண்டு இருக்கும், முந்தைய பதிப்புகளும் கொஞ்ச காலம் தங்கும். இன்றைய ஆப்ட் முதலில் அங்கேதான் தேடும். பை-ஹேஷை முதல் கட்டத்திலேயே கொண்டுவந்துவிட்டால் மிஸ்மேட்ச் பெரும்பாலும் ஒழிந்துவிடும்.

இனி நீங்கள் சொன்ன மூன்று கருவிகள். சிங்திங்கை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அது இரண்டு பக்கமும் சொந்தமாக இருப்பவர்களுக்கானது, அலுவலகக் கணினியும் வீட்டு லேப்டாப்பும் ஒரே ஃபோல்டரைப் பகிர்வதற்கு. டெபியன் மிரர்கள் சிங்திங்கில் ஃபைல் தருவதில்லை, ஆகவே எதிர்முனையே இல்லை. உங்கள் இரண்டு சர்வர்களுக்கு நடுவில் போட்டாலும், பூல் முன்னால், டிஸ்ட்ஸ் பின்னால் என்று அதற்குச் சொல்ல வழியில்லை. யூனிசன் என்ற இதேபோன்ற கருவிக்கும் இதே பதில்தான். ஆர்க்ளோன் மிக நல்ல கருவி, ஆனால் அதன் இடம் கிளவுட் ஸ்டோரேஜ். இயல்பில் அது சிம்லிங்குகளை (வேறொரு பெயரைச் சுட்டும் குறுக்குவழிகள்) விட்டுவிடும், ஹார்ட்லிங்குகளையும் (ஒரே ஃபைலுக்கு இன்னொரு பெயர்) காக்காது. டெபியன் ரெப்போவில் ஸ்டேபிள் (நடப்பு ரிலீஸ்) என்பதே புக்வோர்ம் (டெபியன் 12-இன் பெயர்) போன்ற பெயருக்குப் போகும் சிம்லிங்க்தான். அது வராவிட்டால் ஸ்டேபிள் என்று எழுதிய கணினிகள் எல்லாம் 404-இல் நிற்கும்.

மிஞ்சுவது ஆர்சிங்க். 1996-இல் ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மெக்கராஸும் வெளியிட்டது, மிரர் உலகம் இன்றும் அதன் மேல்தான் ஓடுகிறது. ஆனால் மாறிய துண்டுகளை மட்டும் அனுப்பும் என்ற அதன் பேர்போன திறமை இங்கே உதவாது. டெப் ஃபைல் (டெபியன் பேக்கேஜ்) ஏற்கெனவே சுருக்கப்பட்டது, உள்ளே ஒரு வரி மாறினாலும் பின்னால் உள்ள பைட்டுகள் எல்லாம் மாறிவிடும். அதோடு புதிய வெர்ஷனுக்குப் பெயரே வேறு, ஒப்பிடப் பழைய ஃபைல் அதே பெயரில் இருக்காது. ஆர்சிங்க் இங்கே தரும் நன்மை வேறு. லட்சக்கணக்கான ஃபைல்களில் எது புதிது என்பதை அளவும் தேதியும் பார்த்தே கண்டுபிடிக்கும். லிங்குகளைக் காக்கும். இறக்கும் ஃபைலை மறைவான தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதாக வந்த பிறகே சொந்தப் பெயரை வைக்கும். நடுவில் கரண்ட் போனாலும் அரைகுறை ஃபைல் மாணவர் கைக்குப் போகாது. இந்தக் கடைசி நன்மையை 'இன்பிளேஸ்' ஆப்ஷன் கெடுத்துவிடும். உயிருள்ள ரெப்போவில் அதைப் போடவே போடாதீர்கள்.

ஆர்சிங்கில் வழக்கமாக நடக்கும் தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். தேதியைக் காக்கும் 'டைம்ஸ்' ஆப்ஷனை விட்டுவிட்டால் ஒவ்வொரு இரவும் எல்லா ஃபைலும் மாறியதாகத் தோன்றி முழு ரெப்போவையும் தொட்டுப் பார்க்கும். 'செக்சம்' ஆப்ஷன் பாதுகாப்பு என்று நினைத்துப் போடுகிறார்கள். அது இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஃபைலையும் டிஸ்கிலிருந்து முழுதாகப் படிக்க வைக்கும், எதிர்முனை மிரரை நடத்துபவர் உங்களைத் தடைசெய்தால் தப்பில்லை. மூல முகவரியின் கடைசியில் சாய்கோடு இருந்தால் ஃபோல்டரின் உள்ளடக்கம் வரும், இல்லாவிட்டால் ஃபோல்டரே வரும். இதில் பிசகி, கூடவே அழிக்கும் ஆப்ஷனும் இருந்தால் ஒரு வாரம் இறக்கியது ஒரு நிமிடத்தில் போய்விடும். 'மேக்ஸ்-டெலீட்' என்று ஓர் உச்சவரம்பு போட்டுவையுங்கள். அழிப்பதற்கு 'டெலீட்-டிலே' நல்லது. 'டெலீட்-ஆஃப்டர்', 'டிலே-அப்டேட்ஸ்' இரண்டும் பட்டியல் முழுவதையும் முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றச் சொல்லும், பழைய சர்வரில் ரேம் குறைவாக இருந்தால் அங்கேயே திணறும். லாகில் 24 என்ற எக்சிட் கோடு (ஓட்டம் முடியும்போது தரும் எண்) வந்தால் பயப்பட வேண்டாம், பட்டியல் எடுத்த பிறகு எதிர்முனையில் சில ஃபைல்கள் போய்விட்டன என்று பொருள், அடுத்த ஓட்டத்தில் சரியாகிவிடும். 23 வந்தால் லாகைப் படித்தே ஆகவேண்டும், சில ஃபைல்கள் வரவில்லை என்று அர்த்தம்.

இந்த இரண்டு கட்ட வேலையை நீங்களே ஸ்கிரிப்ட் எழுதிச் செய்யத் தேவையில்லை. எஃப்டிபிசிங்க் என்று டெபியனே ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறது. பெயரில் எஃப்டிபி இருந்தாலும் உள்ளே ஓடுவது ஆர்சிங்க்தான். அதிகாரபூர்வ மிரர் நடத்துபவர்களுக்கு டெபியன் பரிந்துரைப்பதும் இதையே. கட்டம் பிரிப்பது, இரண்டு ஓட்டம் மோதாமல் பூட்டு வைப்பது, கடைசியாக எப்போது முடிந்தது என்று ட்ரேஸ் ஃபைலில் எழுதுவது எல்லாம் அதில் உண்டு. எந்த ஆர்க்கிடெக்சர் (ப்ராசஸர் வகை) வேண்டும் என்றும் சொல்லலாம், உங்களுக்கு ஏஎம்டி64 (சாதாரண 64-பிட் பிசி) மட்டும் போதும்.

ஆனால் டெபியன் 12 மட்டும் போதும் என்று எஃப்டிபிசிங்கிடம் சொல்ல முடியாது. இதைப் பலர் கவனிப்பதில்லை. பூல் ஃபோல்டர் ரிலீஸ் வாரியாகப் பிரிக்கப்படவில்லை, பேக்கேஜின் பெயர் வாரியாகத்தான் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஸ்டேபிள், டெஸ்டிங், அன்ஸ்டேபிள் எல்லாவற்றின் ஃபைல்களும் ஒரே ஃபோல்டரில் கலந்து கிடக்கும். பெயரை மட்டும் பார்க்கும் ஆர்சிங்குக்கு எது புக்வோர்ம், எது அன்ஸ்டேபிள் என்று தெரியாது. அட்டவணையைத் திறந்து படித்தால்தான் தெரியும். எந்த லேப்புக்கும் வேண்டாத அன்ஸ்டேபிள் பேக்கேஜ்கள் தினமும் வந்து உங்கள் லைனைத் தின்னும்.

அட்டவணையைப் படித்து இறக்கும் கருவிகள் தனி. அவற்றில் உங்கள் தேவைக்குச் சரியானது டெப்மிரர். முதலில் அட்டவணைகளைத் தற்காலிக இடத்தில் இறக்கும், கையொப்பத்தைச் சரிபார்க்கும், அதில் சொன்ன பேக்கேஜ்களை மட்டும் கொண்டுவரும், பிறகு அட்டவணைகளைச் சரியான இடத்துக்கு நகர்த்தும், கடைசியில்தான் பழையதை அழிக்கும். மேலே சொன்ன வரிசை அதன் உள்ளேயே இருக்கிறது. ரிலீஸுக்கு ஸ்டேபிள் என்று எழுதாமல் புக்வோர்ம் என்றே எழுதுங்கள். 2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்த அன்று ஸ்டேபிள் என்ற பெயர் டிரிக்ஸிக்குப் போய்விட்டது, அதை நம்பியிருந்த கணினிகளுக்கு வேறு ரிலீஸின் பேக்கேஜ்கள் வந்து நிற்கும். சோர்ஸ் (மூல நிரல்) வேண்டாம் என்று சொல்லிவிட்டால் கணிசமான இடம் மிஞ்சும். முதல் ஓட்டத்திலேயே கையொப்பப் பிழை வந்து நின்றால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான், டெபியனின் கீரிங் ஃபைல் (கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவிகள்) எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியவில்லை. கீரிங் ஆப்ஷனில் டெபியன்-ஆர்க்கைவ்-கீரிங் பேக்கேஜ் தரும் ஃபைலின் பாதையைக் கொடுங்கள். சரிபார்ப்பையே நிறுத்திவிடும் ஆப்ஷனும் உண்டு, அந்தப் பக்கம் போகாதீர்கள். 180 கணினியில் ரூட் உரிமையோடு இன்ஸ்டால் ஆகப்போகும் சரக்கு அது.

ஆப்ட்-மிரரும் இதே வகை, அமைப்பது சுலபம். பேக்கேஜ் முன்னால், அட்டவணை பின்னால் என்ற ஒழுங்கு அதிலும் உண்டு. ஆனால் பழைய ஃபைல்களைத் தானாக அழிக்காது. கிளீன் என்று ஒரு ஸ்கிரிப்டை எழுதி வைத்துவிட்டுப் போய்விடும், அதை நீங்கள்தான் ஓட்ட வேண்டும். ஆறு மாதம் ஓட்டாமல் விட்டு டிஸ்க் நிறைந்து நிற்கும் சர்வர்களுக்குக் காரணம் இதுதான். ஆப்ட்லி வேறொரு தேவைக்கு. குறிப்பிட்ட நாளின் ரெப்போவை ஸ்னாப்ஷாட்டாக உறைய வைத்து, செமஸ்டர் முழுவதும் எல்லாக் கணினியிலும் ஒரே வெர்ஷன் இருக்கவேண்டும் என்றால் அது அருமை. அட்டவணையைப் புதிதாக எழுதுவதால் டெபியனின் கையொப்பம் அதில் இருக்காது. உங்கள் சொந்தச் சாவியால் கையொப்பமிட்டு, அந்தச் சாவியை 180 கணினிக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருக்கும்.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். நகல் எடுக்கத்தான் வேண்டுமா? 100 எம்பிபிஎஸ் லைனில் நடைமுறையில் நொடிக்கு 10 எம்பி கிடைத்தால் நல்லது. அந்தக் கணக்கில் 1 டிபி இறங்க கிட்டத்தட்ட 28 மணி நேரம், அதுவும் வேறு யாரும் லைனைத் தொடாமல் இருந்தால். மறுபக்கம், 180 கணினியும் ஆளுக்கு 300 எம்பி அப்டேட் இறக்கினால் 54 ஜிபி, அது ஒன்றரை மணி நேரம் லைனை அடைத்துக்கொள்ளும். உங்களை இப்போது வருத்துவது இந்த இரண்டாவதுதான் என்றால் அதற்கு மிரரே வேண்டாம். ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற கேஷ் ப்ராக்ஸி போதும். முதல் கணினி கேட்கும்போது 300 எம்பி ஒருமுறை வெளியிலிருந்து வரும், மற்ற 179-க்கும் சர்வரிலிருந்தே போகும். சர்வரில் இன்ஸ்டால் செய்ததும் 3142 போர்ட்டில் ஓடும். லேப் கணினிகளில் ஆப்ட் கான்ஃபிக் ஃபோல்டரில் ப்ராக்ஸி முகவரியை ஒரே வரியில் எழுதினால் வேலை முடிந்தது. சில பத்து ஜிபி டிஸ்க் போதும். ஒரு தடங்கல், ஹெச்டிடிபிஎஸ் முகவரியில் உள்ள ரெப்போக்களை அது இயல்பில் கேஷ் செய்யாது. டெபியன் ரெப்போவுக்கு ஹெச்டிடிபி முகவரியே போதும், நம்பகத்தன்மையைக் காப்பது இன்ரிலீஸில் உள்ள கையொப்பம்தான்.

கேஷ் போதாத இடம் ஒன்று உண்டு. யாராவது ஒருமுறை கேட்ட பேக்கேஜ்தான் அதில் இருக்கும். பிராக்டிகல் தேர்வு நாளில் இணையத்தை அடைத்துவிட்டு, மாணவர் எந்தப் பேக்கேஜ் கேட்டாலும் இன்ஸ்டால் ஆகவேண்டும் என்றால் டெப்மிரர்தான். ஜவ்வாது மலைப் பள்ளி ஒன்றுக்கு டிஸ்கில் ஏற்றிக் கொண்டுபோவதற்கும் அதுவே. அப்படிக் கொண்டுபோகும் டிஸ்க் இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டத்தில் இருக்கட்டும். பென் டிரைவில் வரும் ஃபேட்32 சிம்லிங்கைத் தாங்காது, தேதியையும் இரண்டு நொடிக்கு ஒருமுறைதான் குறிக்கும், மறுமுறை ஆர்சிங்க் ஓட்டும்போது பாதி ஃபைல் மாறியதாகத் தோன்றும்.

ஆகவே உங்கள் நிலைக்கு என் பதில் இது. இந்த வாரமே ஆப்ட்-கேச்சர்-என்ஜியைப் போடுங்கள். தேர்வுக்கு இணையம் இல்லாத லேப் வேண்டும் என்பது உறுதியானால், டெப்மிரரில் புக்வோர்ம், ஏஎம்டி64, சோர்ஸ் இல்லாமல் எடுங்கள். இரண்டு டிஸ்கையும் ரெய்டு 1-இல் (ஒன்றின் நகல் மற்றதில்) கட்டுங்கள், கிடைக்கும் 4 டிபி ஒரு ரிலீஸுக்குத் தாராளம். கிரானில் (நேரம் குறித்து வேலையை ஓட்டும் வசதி) இரவு 2:40 போல ஒழுங்கற்ற நிமிடத்தில் ஒருமுறை ஓட்டினால் போதும். பாயின்ட் ரிலீஸ் (திருத்தங்களைச் சேர்த்து வரும் தொகுப்பு) ஸ்டேபிளிலேயே சுமார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். சரியாக 2:00 மணிக்குப் போட்டால் உலகமே அந்த நேரத்தில்தான் மிரரைத் தட்டிக்கொண்டிருக்கும். முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது தொடங்காதபடி ஃப்ளாக் கட்டளைக்குள் வைத்து ஓட்டுங்கள். செக்யூரிட்டி ரெப்போவை மிரர் செய்யாமல், கேஷ் வழியாக நேரே செக்யூரிட்டி சர்வருக்குப் போகவிடுவது மேல், அங்கே தாமதம் கூடாது.

உறுதியாகச் சொல்ல முடியாதது உங்கள் கல்லூரி ஃபயர்வாலின் போக்கு. டெப்மிரரை ஆர்சிங்க் முறையில் ஓட்டினால் அது 873 போர்ட்டில் பேசும், பல கல்லூரிகளில் 80, 443 தவிர மற்றவை அடைப்பு. நெட்வொர்க் பார்ப்பவரிடம் அந்த ஒரு போர்ட்டை உங்கள் சர்வருக்கு மட்டும் திறக்கக் கேளுங்கள். மறுத்தால் டெப்மிரரை ஹெச்டிடிபி முறையில் ஓட்டுங்கள், பலனில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நடுவில் கல்லூரியின் சொந்த ப்ராக்ஸி ஒன்று இருந்து அது பழைய அட்டவணையைக் கேஷ் செய்து வைத்திருந்தால், எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் மிஸ்மேட்ச் வரும். சர்வரின் முகவரிக்கு அந்த ப்ராக்ஸியில் விலக்கு வாங்கிவிடுங்கள்.

லேப் கணினிகள் பக்கம் ஒரு கவனம். அப்டேட்ஸ், செக்யூரிட்டி ரெப்போக்களின் இன்ரிலீஸில் காலாவதித் தேதி இருக்கும், சுமார் ஒரு வாரம். சர்வர் ஒரு வாரத்துக்கு மேல் சிங்க் ஆகாமல் கிடந்தால் எல்லாக் கணினியும் ரிலீஸ் ஃபைல் காலாவதி என்று நிற்கும். ஒரே ஒரு கணினி மட்டும் ரிலீஸ் ஃபைல் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று சொன்னால் சர்வரைத் தொடாதீர்கள், அந்தக் கணினியின் தேதியைப் பாருங்கள். சீமாஸ் பேட்டரி தீர்ந்து கடிகாரம் பழைய வருடத்துக்குப் போயிருக்கும். சிஆர்2032 பேட்டரி ஒன்று மாற்றினால் சரி. கோடை விடுமுறையில் பூட்டியே கிடந்த லேப்பைத் திறக்கும் ஜூன் மாதத்தில் இது வரிசையாக வரும், நாலைந்து பேட்டரி கையில் வைத்திருங்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை. டெப்மிரரை 'டிரை-ரன்' ஆப்ஷனோடு ஒருமுறை ஓட்டுங்கள். பேக்கேஜ் எதையும் இறக்காமல், மொத்தம் எவ்வளவு இறக்க வேண்டியிருக்கும் என்று மட்டும் சொல்லும். அந்த எண்ணையும், இரவு நேரத்தில் உங்கள் லைன் உண்மையில் தரும் வேகத்தையும் இங்கே எழுதுங்கள். முதல் நகலை லைனில் இறக்குவதா, வேறு இடத்தில் டிஸ்கில் ஏற்றிக் கொண்டுவந்து மாட்டுவதா என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.